மூன்று பிளக், ஒரு பேக்கிங்

பெட்ரோல் காரில் அடிக்கடி மாற்ற வேண்டிய சாமான்களில் விலை மலிந்தவை இரண்டு. ஒன்று ஸ்பார்க் பிளக். மற்றது கேஸ்கட்; நம் ஊர் மெக்கானிக்குகளின் வாயில் அது 'பேக்கிங்'. இரண்டில் எது கெட்டாலும் வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அழும். உதறும், இழுக்காது, புகை நாறும். ஆனால் எந்த இடத்துப் பேக்கிங் என்பதைப் பொறுத்துச் செலவு சில நூறு ரூபாயோடு முடியலாம், பதினைந்தாயிரத்தையும் தொடலாம். அந்த இரண்டுக்கும் இடையில் எது என்று தெரிந்துகொள்ள 2024 ஜூன் மாதத்தில் இரண்டு காலைப் பொழுதுகளைச் செலவழித்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று அதை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 1999 மாடல் மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்பரேட்டர். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2010-இல், சின்னசேலத்தில் ஒரு வாத்தியாரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மாடியும் கட்டவில்லை, காசிக்கும் போகவில்லை, கிடைத்த பணத்தில் இது ஒன்றுதான் ஆடம்பரம். இப்போது அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ் படி ஏற மாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரி ஜிப்மருக்கு அவளை அழைத்துப் போகிற வண்டி இதுதான்.

அவள் கல்வராயன்மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். வைகாசியில் அவளுடைய பழைய மாணவி வீட்டில் கல்யாணம், வெள்ளிமலைப் பக்கம். அழைக்க வந்தவர்கள் தேனும் சாமையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீச்சர் வந்தாதான் தாலி" என்று சொல்லிப் போனார்கள். போகாமல் இருக்க முடியுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை வரை வண்டி சமர்த்தாகத்தான் போனது. மலைப்பாதை தொடங்கியதும் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இழுக்கவில்லை. திக்குவாய்க்காரர் பேசுவதுபோல விட்டு விட்டு ஓடியது. மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங்'. நாலைந்து வளைவு தாண்டியதும் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, பழைய எண்ணெயில யாரோ வடை சுடுற மாதிரி வாசனை வருது."

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஓடிவந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

திரும்பி வந்ததும் நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். பெயர் வேண்டாம். அந்தப் பையன் பானெட்டைத் திறந்தான், மோந்து பார்த்தான், மூடினான். மொத்தம் நாலு நிமிஷம்.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார். ஹெட்டை இறக்கணும். பதினாலாயிரம் ஆவும். இந்த வண்டிக்கு அவ்ளோ செலவு தேவையா சார்? அப்படியே உடைக்கக் குடுத்தீங்கன்னா இருபத்தஞ்சு வாங்கித் தரேன்."

சென்னையிலிருந்து மகன் போனில் அதையே வேறு விதமாகச் சொன்னான். "வித்துடுங்கப்பா. ஜிப்மருக்கு நான் டாக்ஸி புக் பண்ணித் தரேன்." நல்ல பிள்ளைதான். ஆனால் செக்கப்புக்குப் போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வெளியே டாக்ஸிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே அவள் சீட்டை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவராது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆர்.சி. செப்டம்பரில் முடிகிறது. பதினைந்து வயது தாண்டிய காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, 2024-இல் அந்த அளவில்தான் இருந்தது. பதினாலும் ஐந்தும் பத்தொன்பது. நாற்பதாயிரம்கூடப் பெறாத வண்டிக்குப் பத்தொன்பதாயிரம் செலவு என்று ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால், 'மேற்படி செலவினம் பரிந்துரைக்கத்தக்கதல்ல' என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பியிருப்பேன். ஆக வண்டி இருப்பதும் போவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. போனது உண்மையிலேயே ஹெட் கேஸ்கட்தானா?

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அங்கே லிசே பிரெஞ்சிலேயே நடந்தது, இன்றும் நடக்கிறது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினை நான் முதலில் கற்றது கரும்பலகையில், அத்மிஸ்யோன், கோம்ப்ரெஸ்யோன், எக்ஸ்ப்ளோஸ்யோன், எஷாப்மான் என்று. உள்ளிழு, அமுக்கு, வெடி, வெளியேற்று. அந்தத் தத்துவத்தை 1862-இலேயே எழுதிவைத்தவர் அல்போன்ஸ் போ த ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர் என்பதையும், 1876-இல் அதை ஓடவைத்துப் பேர் வாங்கியவர் ஜெர்மனியின் ஓட்டோ என்பதையும் எங்கள் வாத்தியார் சொந்தச் சொத்துத் தகராறு மாதிரி வருத்தத்தோடு சொல்வார். இன்ஜினை மட்டும் யாரும் கண்ணில் காட்டவில்லை.

பிளக்குக்கு அங்கே பெயர் 'பூழி'. அந்த ஒலிக்குப் புதுச்சேரிக்காரர்கள் ழகரம் போட்டு எழுதுவதுதான் வழக்கம். பிரெஞ்சில் அதற்கு முதல் பொருள் மெழுகுவத்தி. அல்ஜீரியாவில் இன்று பெஜாயா என்று வழங்கும் துறைமுகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் பூழி. அங்கிருந்து தேன்மெழுகு கப்பலேறியதால் ஊர்ப்பெயரே மெழுகுவத்திக்கு ஆகி, பிறகு இன்ஜினுக்குள்ளும் புகுந்துகொண்டது. ஹெட் கேஸ்கட் அங்கே 'ழ்வேன் த குய்லாஸ்'. குய்லாஸ் என்றால் துப்பாக்கியில் தோட்டா வைத்து மூடும் பின்பகுதி. சிலிண்டர் ஹெட்டுக்கும் அதே சொல். வெடிக்கும் இடத்தை மூடுவது என்று பார்த்தால் பொருத்தமான பெயர்தான். தமிழிலோ பூழி என்றால் புழுதி. பிளக் கழற்றும்போது இந்தத் தமிழ்ப் பூழிக்கும் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

1975-இல் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று, 2019-இல் கள்ளக்குறிச்சியே மாவட்டமாயிற்று. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் வேலையில் சேர்ந்தபின் தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. மெக்கானிக் தமிழைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர் அண்ணன். கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்த ஆண்டு அரசு அதை நேரடி நிர்வாகத்துக்குக் கொண்டுவந்ததும் எங்களுக்கு மலைக்கும் தரைக்குமாக அலைச்சல். பெட்ரோல் ஜீப். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். ஈயம் பிளக்கின் நுனியில் படிந்து பொறியைக் கெடுக்கும். பாதி மலையில் ஜீப் உதறினால் அண்ணன் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். "தம்பி, இது வண்டியோட நாக்கு. டாக்டர் முதல்ல என்ன பாக்குறாரு? நாக்கைத்தானே?" என்பார்.

சரி, மாருதிக்கு வருவோம்.

ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடு. வெடிக்கும் வாயு, ஓடும் ஆயில், சுற்றும் தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துவைப்பது அதுதான். அது போனால் பெரும்பாலும் தடயம் விட்டுவிட்டுத்தான் போகும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் காரணமில்லாமல் குறையும், குமிழி விடும். சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வரும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூடி சுத்தம். தண்ணீர் வைத்த அளவில் அப்படியே. ரேடியேட்டர் மூடி திறந்திருக்க, ஸ்டார்ட் செய்து பார்த்தும் குமிழி இல்லை. (சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகுதான்.) குற்றப்பத்திரிகையில் ஒரு சாட்சிகூட இல்லை.

ஆனால் ஹெட்டின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் கவர், அதாவது டேப்பெட் கவர், அதன் விளிம்பு முழுக்க ஆயில் கசிந்து புழுதியோடு சேர்ந்து கறுப்பு மெழுகாக அப்பியிருந்தது. கசிந்த ஆயில் கீழே இறங்கி, சூடான பாகங்களில் பட்டுப் புகைந்திருக்கிறது. வடை வாசனை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. இன்னொரு பக்கம் வழிந்த ஆயில் நடுப்பிளக்கின் ஒயர் தொப்பிக்குள் இறங்கியிருந்தது. ஆயில் பட்ட ரப்பர் ஊறி உப்பிப்போகும்; மின்சாரம் நுனிக்குப் போகாமல் இடையிலேயே கசிந்துவிடும்.

தரையில் ஓடிய வண்டி மலையில் மட்டும் ஏன் திக்கியது? இதைப் பலரும் வண்டியின் வயசு என்று விட்டுவிடுகிறார்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்றும் பெட்ரோலும் புகுந்து நெருக்கமாக அமுங்குகின்றன. நெருக்கம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். சமதரையில் சமாளித்துவிடும் பழைய பிளக்கும் ஊறிய தொப்பியும் அங்கே கைவிடுகின்றன. மின்சாரம் சுலபமான வேறு வழி பார்த்துக்கொள்கிறது. கல்வராயன்மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரம். மேலே போகப் போகக் காற்று லேசாவதால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கொஞ்சம் கூடிப் பிளக்கில் கரியும் படியும். அந்த மலைப்பாதை போல வண்டியைச் சோதிக்கிற பட்டறை நம் ஊரில் கிடையாது.

எந்தச் சிலிண்டர் என்று உறுதிசெய்ய அண்ணன் காட்டிய வழியையே கையாண்டேன். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அந்த ஒயரில் ஒரு உபரிப் பிளக்கைச் செருகி இன்ஜின் இரும்பைத் தொடும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும் இன்ஜினில் கையை வைத்தால் ஷாக் அடிக்கும், வேண்டாம். ஒன்றாம் நம்பரைக் கழற்றியதும் இன்ஜின் தள்ளாடியது. அப்படியென்றால் அது வேலை செய்துகொண்டிருந்தது. மூன்றும் அப்படியே. இரண்டாம் நம்பரைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சீட்டில் இல்லாத ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

துருகம் சாலையில் உதிரிபாகக் கடைக்குப் போய் மூன்று பிளக், ஒரு டேப்பெட் கவர் பேக்கிங், ஒரு செட் பிளக் ஒயர் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய் சொச்சம். கடைக்காரர் "ஒரிஜினலா, லோக்கலா?" என்றார். பேக்கிங் விஷயத்தில் லோக்கல் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. ஐம்பது ரூபாய் மிச்சத்துக்கு ஆறே மாதத்தில் மறுபடி கசியும்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் வேலை. கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் விரல் நடுக்கத்துக்கு ஒன்றும் இல்லை. அதனால் ஐ.டி.ஐ. படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டரை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லையாம். "எங்களுக்கு ஈ.வி. பத்திதான் தாத்தா நிறைய சொல்லித் தராங்க" என்றான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். பிளக் ஒயர்களுக்கு 1, 2, 3 என்று காகிதம் ஒட்டினோம். இந்த இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-2, ஒயர் மாறினால் ஓடாது. அடுத்து வருவதுதான் தமிழ்ப் பூழி. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றி மண்ணும் கசடும் கிடக்கும். அதைத் துடைக்காமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதி எடுத்த பிறகே ஸ்பேனரை வைத்தோம். இன்ஜின் சுத்தமாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டில் திருகினால் மரையே பெயர்ந்து வந்துவிடும்.

மூன்று 'நாக்கு'களையும் செய்தித்தாளில் வரிசையாக வைத்தோம். ஒன்றும் மூன்றும் பிஸ்கட் நிறம், ஆரோக்கியம். இரண்டாவது நுனி கறுத்து, பற்றாத பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆனால் ஆயில் பிசுபிசுப்பு வெளிப்பக்கம் மட்டும்தான், உள்நுனியில் இல்லை. உள்ளேயும் ஆயில் இருந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ என்று கவலைப்பட வேண்டியிருக்கும். நெருப்பே வெள்ளையாக வெளுத்திருந்தால் அதிகச் சூடு என்று பொருள். தண்ணீர் கலந்திருந்தால் நுனி ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருக்கும். மூன்றிலும் அது இல்லை. ஹெட் கேஸ்கட்டின் மேலிருந்த வழக்கை அங்கேயே தள்ளுபடி செய்தேன்.

டேப்பெட் கவரைத் தூக்கியதும் பழைய ரப்பர் பேக்கிங் செருப்பு வாரைப்போல விறைத்துப் போய்த் துண்டு துண்டாக வந்தது. ரப்பர் சூட்டில் வெந்து வெந்து கடினமாவது இயற்கை. ஆனால் இதற்கு முன் எப்போதோ யாரோ அதை மாற்றச் சோம்பி, மேலேயே சிலிக்கான் பசையை அப்பியிருக்கிறார்கள். அந்தப் பசை உள்பக்கம் பிதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கு அறுந்து ஆயில் வழியை அடைத்திருந்தால் மொத்த இன்ஜினும் போயிருக்கும். பேக்கிங் வைக்க வேண்டிய இடத்தில் பசையை வைப்பது வேலையே அல்ல. காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் பள்ளத்தைச் சுரண்டினோம். அலுமினியத்தில் கத்தி கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டுப் புது ரப்பரைப் பள்ளத்தில் அமர்த்தி, கவரை வைத்து, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினோம். பையன் பலத்தைக் காட்டப் போனான்; தடுத்தேன். அதிகம் இறுக்கினால் கவர் வளைந்து அந்த வளைவிலேயே கசியும்.

புதுப் பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பார்ப்பது நல்லது, இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். டப்பாவிலிருந்து வந்ததாலேயே சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. எங்கள் மூன்றில் ஒன்று குறைவாக இருந்தது. பிளக்கை உள்ளே செலுத்த ஒரு சாண் ரப்பர் குழாய் போதும். பிளக்கின் தலையில் செருகி விரலால் உருட்டினால் மரை பிடித்து இறங்கும். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், பிளக் நகராது. நடுங்குகிற விரலுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. அடி தட்டியதும் ஸ்பேனரால் அரைச் சுற்று. பிளக்கின் கழுத்தில் ஒரு சின்ன வளையம் உண்டு, அதுவும் ஒரு பேக்கிங்தான். அது நசுங்கி அடைக்க அந்த அரைச் சுற்று போதும்.

ஒருவேளை உண்மையிலேயே ஹெட் கேஸ்கட் போயிருந்தால்? அதை நான் தொட்டிருக்க மாட்டேன், நீங்களும் வீட்டில் தொடாதீர்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையில், தவணை தவணையாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று மட்டக்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். அது தெரிந்த ஆள், தெரிந்த இடம் என்று தேடிக் கொடுக்க வேண்டிய வேலை.

ஸ்டார்ட் செய்ததும் மூன்று சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. ஆனாலும் வேப்பமரத்தடியில் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய நான் தயாராக இல்லை. மறுநாள் பையனை ஏற்றிக்கொண்டு கோமுகி அணை தாண்டி மலையேறினேன். அதே வளைவுகள், அதே இரண்டாவது கியர். ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். பையன் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் "மோந்து பாருங்க தாத்தா, ஒண்ணும் வரல" என்று ரன்னிங் கமெண்ட்ரி கொடுத்தான். வெள்ளிமலை வரைக்கும் போய், டீக்கடையில் பானெட்டைத் திறந்து டேப்பெட் கவர் விளிம்பில் வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

செப்டம்பரில் 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று. அடுத்தது 2029. அப்போது எனக்கு 78 ஆகும். வண்டியைவிட என் ஃபிட்னஸ் சான்றிதழ்தான் சந்தேகம் என்று மகன் சொல்கிறான். அதற்குள் ஜிப்மருக்கு இன்னும் எத்தனை தடவை என்று மனைவி விரல் விட்டு எண்ணுகிறாள்.

பழைய பிளக் மூன்றுக்கும் தேதியும் சிலிண்டர் நம்பரும் எழுதிச் சீட்டு ஒட்டிப் பேனா டப்பாவில் போட்டிருந்தேன், குமாஸ்தா புத்தி. போன வாரம் பையன் வந்து, வகுப்பில் காட்ட ஒன்று வேண்டும் என்றான். அந்த இரண்டாம் நம்பரையே கொடுத்தனுப்பினேன்.